பழைய பேப்பர் கடைக்குப் போகும் சரித்திரம்

தீப்பெட்டியில் குச்சி தீர்ந்ததும் பெட்டியை என்ன செய்கிறோம்? குப்பையில் எறிகிறோம். அதன் மேல் இருந்தது புலியா, பூனையா, கப்பலா என்று மறுநாள் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு ரூபாய்ச் சாமானுக்கு அதற்கு மேல் மரியாதை எதற்கு என்பது நம் எண்ணம்.

ஆனால் அந்தப் படம் ஒன்றுக்காகவே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, ஒரு டம்ளர் காப்பியோடு பல்லாவரம் சந்தைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாக்கு விரிப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டுக் கட்டாகக் கிடக்கும் பழைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார்கள். மூக்கில் தூசி ஏறுகிறது. முதுகில் வெயில் ஏறுகிறது. மத்தியானம் வீடு திரும்பும்போது கையில் இருப்பது நான்கு தீப்பெட்டிப் படம், ஒரு கிழிந்த சினிமாப் பாட்டுப் புத்தகம், எப்போதோ நடந்து முடிந்த நாடகத்தின் நோட்டீஸ் ஒன்று. வீட்டில் அவர்களுக்குக் கிடைக்கும் வரவேற்பை இங்கே எழுத வேண்டியதில்லை. "இந்தக் குப்பைக்கா காசு கொடுத்தீர்கள்?" என்பது அதில் மிக மிக மரியாதையான பகுதி.

இந்த வழக்கில் நாம் யார் பக்கம்? தயக்கமில்லாமல், குப்பையைப் புரட்டுகிறவர் பக்கம்தான். இப்படிப்பட்ட மனிதர்கள் இல்லாமல் போயிருந்தால், சாதாரண ஜனங்கள் எதை வாங்கினார்கள், எதைப் பார்த்தார்கள், எதைப் பாடினார்கள் என்ற சரித்திரத்தில் பாதி என்றைக்கோ காகிதக் கூழாகியிருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தேடுகிறவர் சரித்திரத்தைத் தேட வேண்டும். லாட்டரிச் சீட்டைத் தேடக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சந்தையில் என்ன கிடைக்கும்?

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தைக்கு நூறாண்டுப் பழமை சொல்கிறார்கள். காய்கறி, பூச்செடி, புறா, கால் உடைந்த நாற்காலி, ஓடாத கடிகாரம், பேசாத டெலிபோன், எல்லாம் ஒரே தெருவில் கிடக்கும். இவற்றுக்கு நடுவேதான் பழைய நாணயமும், தபால் தலையும், காகிதமும்.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு மூர் மார்க்கெட் இருந்தது. சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில், பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் தேடி அலையாத படிப்பாளி சென்னையில் இருந்திருக்க முடியாது. 1985 மே 30-ஆம் தேதி அது தீக்கிரையாயிற்று. வியாபாரிகளில் பலர் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அன்று எரிந்த காகிதத்துக்குக் கணக்கு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

பம்பாய்க்குச் சோர் பஜார். டில்லிக்குத் தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தை. நடைபாதையில் இருந்த அது 2019-இல் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. எந்த ஊரானாலும் இந்தச் சந்தைகளின் தலையெழுத்து ஒன்றுதான். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு நாள் நகர்த்துவார்கள்; தீ ஒரு நாள் விழுங்கும். இருக்கிறவரைதான் இருக்கும்.

தேடுகிறவர்கள் தேடும் பொருள்களும் ஏறக்குறைய ஒரே ஜாதிதான். விலை கொடுத்து வாங்கிய பண்டத்தோடு இலவசமாக வந்தவை அவை. தீப்பெட்டிப் படம், பீடிக்கட்டின் சுற்றுத்தாள், மில் துணியின் மேல் ஒட்டி வந்த வண்ணப் படம், சிகரெட் பெட்டியின் அட்டை. நம் ஊர்ப் பையன்கள் சிகரெட் அட்டையின் முகப்பைக் கிழித்து எடுத்து, இந்த மார்க்குக்கு இத்தனை என்று மதிப்பு வைத்துத் தெருவில் பந்தயம் ஆடியது பலருக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளில் வளர்ந்த பையன்கள் மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுக்காக அடித்துக்கொண்டார்கள். தலைமுறை மாறினாலும் பைத்தியம் மாறவில்லை.

சிகரெட்டோடு வந்த லட்சாதிபதி

இந்தப் பைத்தியம் அமெரிக்காவில் எந்த உயரத்துக்குப் போயிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு பேஸ்பால் அப்படி. அங்கே சிகரெட் கம்பெனிகள் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு சிறிய அட்டையைச் செருகின. வெறும் அட்டையாக இருப்பானேன் என்று அதில் ஆட்டக்காரர்களின் படத்தை அச்சடித்தன. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படமும் ஒன்று. அவர் தம் படத்தைப் போடக் கூடாது என்று ஆட்சேபித்தார். சிறுவர்கள் படத்துக்காகச் சிகரெட் வாங்குவது பிடிக்கவில்லை என்கிறார்கள் சிலர். தமக்குப் பணம் தரவில்லை என்பதுதான் கோபம் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியோ, அச்சு நின்றது. வெளியே போன சிலவற்றில் இன்று இருப்பதாகத் தெரிந்தவை சுமார் 60. அதில் ஒன்று 2022-இல் 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. சிகரெட்டோடு சும்மா வந்த அட்டை!

இன்னொரு கதை இதைவிட வேடிக்கை. டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி 1952-இல் பேஸ்பால் அட்டைகள் வெளியிட்டது. வருஷக் கடைசியில் வந்த வரிசை விற்காமல் கிடங்கில் தேங்கிவிட்டது. 1960-இல் இடம் அடைக்கிறதே என்று பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அந்தக் கம்பெனியில் இருந்த ஸை பெர்கர் என்பவர் பிற்காலத்தில் சொன்னார். அந்த வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்டில் படம் ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கடலுக்குள் எத்தனை கோடி கரைந்தது என்று மீன்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கதைகளைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு என்ன தோன்றும்? "நம் வீட்டுப் பரணில் ஏதாவது இருக்குமா?" என்று தோன்றும். தோன்றட்டும்; தப்பில்லை. ஆனால் கதையின் மறுபக்கத்தையும் கேட்க வேண்டும்.

கத்தரிக்கோலும் பேராசையும்

வாக்னர் அட்டைகளிலேயே மிகப் பிரசித்தமான ஒன்று உண்டு. நூறு வயதை நெருங்கிய காகிதம், மூலை மழுங்காமல், ஓரம் நைந்து போகாமல் புத்தம் புதிதாக இருந்ததுதான் அதன் பெருமை. அதன் விலை 2007-இல் 28 லட்சம் டாலர். அதை ஒரு காலத்தில் வைத்திருந்து விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, 2013-இல் மோசடி வழக்கு ஒன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரத்தைத் தாமே நறுக்கிச் சீர் செய்ததையும் ஒப்புக்கொண்டார். புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பழைய பொருளின் மேல் கத்தி வைத்தார் மனிதர்! விலை ஒன்றே குறி என்றால் பொருள் தப்பாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இன்னும் ஒரு சமாசாரம். பழைய அட்டைகளின் விலையைக் கேட்டுப் பிரமித்த அமெரிக்கர்கள், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலையே இல்லை. காரணம் சின்னக் குழந்தைக்கும் புரியும். பழைய அட்டைக்கு விலை வந்தது எல்லோரும் அதை எறிந்துவிட்டதால். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு எப்படி விலை வரும்?

ஆகையால் லாபத்துக்காகச் சேர்க்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அந்தப் பணத்தை பாங்கில் போடுங்கள். சந்தைக்கு வராதீர்கள். நீங்கள் வந்தால் விலை ஏறும், போலி பெருகும், உண்மையான பொருள் கத்தரிக்கோலுக்கு இரையாகும்.

ஒட்டி வைத்த மனிதர்

சரி, வேறு எப்படிச் சேர்ப்பது? அதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. ஜெபர்சன் பர்டிக் என்பவர் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த சாதாரணத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர். சிகரெட் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை, பண்டங்களின் லேபிள் என்று பிறர் கழித்துப் போட்ட காகிதங்களை ஆயுள் முழுதும் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்கவில்லை; எது எப்போது, யாரால் வெளியிடப்பட்டது என்று வகை பிரித்து, எண் கொடுத்து, 1939-இல் ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். இன்றைக்கும் வியாபாரிகள் அந்த வாக்னர் அட்டையின் வரிசையை "டி 206" என்றுதான் சொல்கிறார்கள். அது பர்டிக் வைத்த எண்.

1947 முதல் தம் சேகரிப்பை அவர் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக் காட்சிசாலைக்கு ஒப்படைக்கத் தொடங்கினார். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள். முடங்கிய விரல்களால் அவற்றைத் தாமே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச் மாதம் அவர் ஆயுளும் முடிந்தது. அந்த ஆல்பங்களுக்குள் ஒரு வாக்னர் அட்டையும் பசை தடவி ஒட்டப்பட்டிருக்கிறது. பழம்பொருளுக்குப் பசை ஆகாது என்று இன்றைய நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் நம் பார்வையில் அந்தப் பசைக்கு வேறு ஓர் அர்த்தம் உண்டு: இது விற்பதற்கு இல்லை.

நம் ஊர்த் தீப்பெட்டி

நமக்கு பேஸ்பால் அட்டை வேண்டாம். நம் தீப்பெட்டிப் படம் போதும். அதில் இருக்கும் விஷயம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்நாட்டில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுமுன் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி வந்து இறங்கியது. நம்மவர் மனத்தைக் கவர ஜப்பான்காரர்கள் நம் சாமி படங்களையே அச்சடித்து அனுப்பினார்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்று வந்தார்கள். அடுத்த ஆண்டே சிவகாசியில் தொழில் தொடங்கியது. பெட்டி செய்தால் போதுமா? மேலே ஒட்டப் படம் வேண்டும். படத்துக்காக அச்சுத் தொழில் வந்தது. இன்று தேசம் முழுவதும் சுவரில் தொங்கும் காலண்டர்களுக்கு மூலம், அந்த விரல் நீளத் துண்டுக் காகிதம்தான்.

புலியோடு கட்டிப் புரளும் வீரன், கப்பல், யானை, தாமரை, கிளி, தேசத் தலைவர்கள், ஆகாய விமானம், ராக்கெட் என்று நாட்டு நடப்பு முழுவதும் அதில் ஏறி இறங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய்ப் படத்தைச் சொல்லித்தான் கேட்பார். எனவே படம்தான் பெயர், படம்தான் விலாசம்.

இதற்கு வயது கண்டுபிடிப்பது ஒரு சுவையான வேலை. துப்பறியும் கதை படிக்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

அணாக் கணக்கில் விலை போட்டிருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முந்தியது. அன்றுதான் தசாம்ச நாணயம் வந்தது. "நயா பைசா" அல்லது "ந.பை." என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் "நயா" போய் வெறும் பைசா ஆயிற்று. "சென்னை ராஜ்யம்" என்று விலாசம் இருந்தால் 1969-க்கு முன். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். சிவகாசி "ராமநாதபுரம் ஜில்லா"வில் இருந்தால், விருதுநகரைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிந்த 1985-க்கு முன்.

தமிழ் எழுத்தும் சாட்சி சொல்லும். லை, னை, ணை முதலியவற்றைத் தும்பிக்கை போல் மேலே வளைத்துப் போடும் பழைய எழுத்து இருந்தால், 1978-இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. உத்தரவு வந்த மறுநாளே எல்லா அச்சகமும் பழைய எழுத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மறுபுறம், பெரியாரின் "விடுதலை" 1935-லிருந்தே சீர்திருத்த எழுத்தில் வந்தது. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

விலையே ஒரு கதை. 1995-இல் 25 பைசாவிலிருந்து 50 பைசா; 2007-இல் ஒரு ரூபாய்; 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய். பதினான்கு வருஷம் ஒரே ரூபாயில் நின்ற பண்டம் நாட்டில் வேறு எது? ஒரு தொழிலின் ஏற்ற இறக்கத்தை அதன் லேபிள்களை வரிசையாக அடுக்கியே சொல்லிவிடலாம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்ததை இன்றைய பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது "விம்கோ நகர்" என்ற ரெயில் நிலையப் பெயரும், இந்தக் காகிதத் துண்டுகளும்தான்.

படம் போய்விட்டது, பாட்டு இருக்கிறது

தீப்பெட்டிப் படமாவது அழகுக்காக யாராவது எடுத்து வைப்பார்கள். சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் நிலைமை இன்னும் மோசம். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்றது அது. மட்டமான காகிதம், ஒரே ஒரு கம்பித் தையல். உள்ளே நடிகர் பெயர், பாட்டு எழுதியவர் பெயர், கதைச் சுருக்கம். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, மீதியைத் திரையில் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். படம் ஓடி முடிந்ததும் புத்தகம் அடுப்பு மூட்டப் போய்விடும்.

ஆனால் என்ன ஆயிற்று? தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளிவந்தது. இன்று அதன் பிரதி இல்லை. முப்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி இன்று பார்க்கக் கிடைக்காது. அந்தக் காலத்துப் பிலிம் தீப்பிடிக்கும் சரக்கு. எரிந்தது பாதி, கவனிப்பாரின்றி மட்கியது பாதி. படம் போய்விட்டபின், அதில் யார் நடித்தார், எத்தனை பாட்டு, என்ன கதை என்று சொல்ல மிச்சமிருப்பவை பத்திரிகை விளம்பரமும் பாட்டுப் புத்தகமும்தான். "மீதியைத் திரையில் காண்க" என்று முடித்தார்களே, அந்தத் திரையும் இல்லை, மீதியும் இல்லை. முதல் பாதியையாவது காப்பாற்ற வேண்டாமா?

கோட்டையூர்க்காரர் செய்த காரியம்

நம்மிடையே இதைச் செய்து காட்டியவர் ஒருவர் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரிய கல்லூரிப் படிப்போ, அரசாங்க உத்தியோகமோ கிடையாது. ஆனால் பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்ட அச்சுக் காகிதத்தையெல்லாம் சேர்த்தார். புத்தகமும் பத்திரிகையுமாகச் சேர்ந்தது சுமார் ஒரு லட்சம். பூச்சி அரிக்காமல் பாதுகாத்து, ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குத் தம் வீட்டிலேயே எடுத்துக் கொடுத்தார்.

1992-இல் அவர் காலமானார். அந்தச் சேகரிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது உருவெடுத்தது. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்தைத் தொடாமல் தமிழ் அச்சு வரலாற்றை யாரும் எழுத முடியாது. ஓர் ஓவியர் தனி ஆளாகச் சேர்த்த "குப்பை" அது!

ஆட்சேபணைகளுக்குப் பதில்

"வீடு அடைகிறதே?" என்பது முதல் ஆட்சேபணை. உண்மை. எல்லாவற்றையும் சேர்க்கிறவர் எதையும் சேர்க்காதவருக்குச் சமம். ஒரு துறையைத் தேர்ந்துகொள்ளட்டும்: தம் ஊர்த் தீப்பெட்டி, ஒரு நாடகக் கம்பெனி, ஒரு பத்தாண்டுப் பாட்டுப் புத்தகம். இரண்டு ஆல்பத்தில் அடங்கும். இல்லத்தரசியின் கோபமும் அடங்கும்.

"விவரம் தெரியாத வியாபாரியிடம் பத்து ரூபாய்க்கு வாங்கி ஆயிரத்துக்கு விற்பது ஏமாற்று இல்லையா?" என்பது இரண்டாவது. பேரம் பேசுவது சந்தைச் சம்பிரதாயம், அதில் பாவமில்லை. ஆனால் அபூர்வமான பொருள் என்று தெரிந்தால் கேட்டதற்கு மேலேயே கொடுங்கள். இது தர்மம் மட்டுமல்ல, தந்திரமும் கூட. விரிப்புக்காரருக்குப் பழைய காகிதம் இரண்டு வழியில் பணமாகும்: எடை போட்டுக் கூழ் ஆலைக்கு, அல்லது உங்களுக்கு. கிலோ விலையைவிட நீங்கள் கௌரவமாகக் கொடுத்தால், அடுத்த வீடு காலி செய்யும்போது அவரே காகிதத்தைப் பிரித்து எடுத்து வைப்பார். அப்போது அவர் வியாபாரி மட்டுமல்ல. சரித்திரத்துக்குக் காவல்காரரும் ஆகிறார்.

"சட்டச் சிக்கல் வருமா?" என்பது மூன்றாவது. தீப்பெட்டிப் படத்துக்கு வராது. ஆனால் சந்தையில் சிலை, செப்புத் தகடு, ஓலைச்சுவடி கண்ணில் பட்டால் எட்டி நில்லுங்கள். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நூறு வயதுக்கு மேற்பட்ட கலைப் பொருளும், 75 வயதுக்கு மேற்பட்ட மதிப்புள்ள கையெழுத்துச் சுவடியும் தொல்பொருள். தனி மனிதர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கோயில் சொத்தாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தேடுகிறவர்களுக்கு

கையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து யந்திரத்தில் அச்சிட்ட போலியில் புள்ளிகள் பட்டாளம் போல் ஒரே வரிசையாக நிற்கும். கல்லச்சுக் காலத்து வண்ணப் படத்தில் கை வைத்த புள்ளி ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். உண்மையாகவே பழைய காகிதம் ஓரத்திலிருந்து பழுக்கும். தேநீரில் நனைத்த காகிதம் முழுதும் ஒரே நிறமாக இருக்கும்.

காகிதத்தை லாமினேட் செய்யாதீர்கள்; பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அது விட்டுப் போனாலும் கறை போகாது. பெட்டியோடு கிடைத்தால் படத்தை நீரில் ஊற வைத்து உரிக்காமல் பெட்டியோடு வையுங்கள். வெயில் படாமல், ஈரம் படாமல் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில், எந்த ஊர் வீட்டிலிருந்து வந்ததாக வியாபாரி சொன்னார் என்பதை, காகிதத்தின் மேல் அல்ல, உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். விவரம் உள்ள கிழிசலுக்கு, விவரம் இல்லாத புதுசு ஈடாகாது. நமக்குப் பின்னால் நம் பிள்ளைகள் அந்த ஆல்பத்தைத் திறக்கும்போது, எழுத்து இருந்தால் அது பொக்கிஷம். இல்லாவிட்டால் அது மறுபடியும் குப்பை.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை

1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வெளியாகும் ஒவ்வொரு புத்தகமும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தீப்பெட்டிப் படமும், பீடிக்கட்டுத் தாளும் புத்தகம் அல்லவே! அவற்றைக் கேட்பார் இல்லை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரே ஒரு இரும்பு பீரோவை இதற்கென்று ஒதுக்கினால் என்ன? அந்த மாவட்டத்தில் அச்சான லேபிள், நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருவிழா அறிவிப்பு ஆகியவற்றை ஜனங்கள் கொண்டு வந்து கொடுக்கட்டும். கொடுத்தவர் பெயரை எழுதி வைக்கட்டும். மதுரையில் 2023-இல் பிரம்மாண்டமான நூலகம் திறந்த அரசாங்கத்துக்கு முப்பத்தெட்டு பீரோ வாங்குவது பெரிய செலவல்ல.

அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை நம் கையில் ஒரு காரியம் இருக்கிறது. தாத்தா காலத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுகிற காலம் இது. பரணைக் காலி செய்யும் நாளில், டிரங்குப் பெட்டியைத் தூக்கி அப்படியே பழைய பேப்பர்காரரின் தராசில் வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாததை, வேண்டும் என்கிறவருக்குக் கொடுங்கள். கிலோவுக்குச் சில ரூபாய் நஷ்டமாகும். அந்த நஷ்டத்தைத் தாங்க முடியாத குடும்பம் ஒன்றும் அடுக்குமாடி கட்டப் போவதில்லை.